இயந்திரத்துக்கு விட்டுக்கொடுத்தவை

சி மொழியின் தரநிலையை முதன்முறை படிக்கிறவர்கள் ஓரிடத்தில் தயங்கி நின்றுவிடுவார்கள். உரைக் கோப்பு ஒன்றில் ஒரு வரி எழுதுகிறீர்கள், வரியின் கடைசியில் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. அதே கோப்பைத் திரும்பப் படிக்கும்போது அந்த இடைவெளிகள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிறது தரநிலை. சற்றுத் தள்ளி இன்னொரு விசித்திரம். பைனரி கோப்பில் ஆயிரம் பைட் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால், கடைசியில் நீங்கள் எழுதவே எழுதாத சில பூஜ்ஜியங்கள் ஒட்டிக்கொண்டு வரலாம். எழுதியதை எழுதியபடி திருப்பித் தருவேன் என்றுகூட உறுதி சொல்லாத மொழிக்குத் தரநிலை எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

இந்த இரண்டு வாசகங்களுக்குப் பின்னாலும் நிஜமான இயந்திரங்கள் இருந்தன. ஐபிஎம் பெருங்கணினிகளில் உரைக் கோப்பு என்பது பெரும்பாலும் அட்டைகளின் கட்டு. துளையட்டைக் காலத்து வழக்கப்படி ஒவ்வொரு வரிக்கும் 80 இடம். வரி சிறியதென்றால் மீதியை இயந்திரமே இடைவெளிகளால் நிரப்பிவிடும். திரும்பப் படிக்கும்போது நிரலாளர் போட்ட இடைவெளி எது, இயந்திரம் நிரப்பியது எது என்று பிரித்தறிய வழியே கிடையாது. சிபி/எம் இயங்குதளத்தில் சிக்கல் வேறு. அது கோப்பின் அளவை பைட் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை; 128 பைட் துண்டுகள் எத்தனை என்று மட்டும் குறித்துக்கொண்டது. ஆயிரம் பைட் எழுதினால் எட்டுத் துண்டு, அதாவது 1024 பைட். மிச்சம் 24 பைட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் பொறுப்பேற்கவில்லை. உரைக் கோப்பானால், எழுத்து எதற்கும் பயன்படாத 26 என்ற எண்ணை முடிவுக்குறியாகப் போட்டுச் சமாளித்தார்கள். பைனரி கோப்பில் 26 என்பதும் தரவாக இருக்கலாம். அங்கே அந்த வித்தை பலிக்காது.

அமெரிக்கத் தரநிலை நிறுவனமான ஆன்சி, எக்ஸ்3ஜே11 என்ற குழுவை 1983இல் அமைத்தபோது சி மொழிக்கு வயது பத்தைத் தாண்டியிருந்தது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி பிடிபி-11 கணினியில் உருவாக்கிய மொழி அது. ஆனால் அது பிறந்த வீட்டிலேயே தங்கிவிடவில்லை. கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் எழுதிய புத்தகத்திலேயே நான்கு கணினிகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை உண்டு. முழு எண் வகையான இன்ட், பிடிபி-11இல் 16 பிட். ஹனிவெல் 6000இல் 36 பிட். எழுத்து ஒன்றுக்கு ஒன்பது பிட். ஐபிஎம் 370இல் 32 பிட், ஆனால் எழுத்துகளின் எண் வரிசையே வேறு. அந்த எப்சிடிக் வரிசையில் ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ-க்கு 201, அடுத்த எழுத்தான ஜே-க்கு 209. நடுவில் ஏழு எண் பள்ளம். எழுத்தோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த எழுத்து வரும் என்று நம்பி எழுதிய நிரல் அங்கே அந்தப் பள்ளத்தில் விழும். இலக்கங்கள் 0 முதல் 9 வரை அடுத்தடுத்து இருக்கும் என்பதற்குத் தரநிலை உறுதி தருகிறது, எழுத்துகளுக்குத் தரவில்லை.

கோப்பு விஷயத்தில் குழு செய்தது ஒரு சமரசம். கோப்பைத் திறக்கும்போது கூடவே ‘பி’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் அது பைனரி, சேர்க்காவிட்டால் உரை. யூனிக்ஸில் இந்த ‘பி’க்கு எந்த வேலையும் இல்லை, இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். டாஸிலும் பின்னர் விண்டோஸிலும் அது உயிர்நாடி. அங்கே வரி முடிவு என்பது 13, 10 என்ற இரண்டு பைட். ‘பி’யை மறந்துவிட்டுப் படம் ஒன்றை எழுதினால், படத்துக்குள் தற்செயலாக வரும் ஒவ்வொரு 10க்கு முன்னாலும் ஒரு 13 நுழைந்துவிடும். படிக்கும்போது மறந்தாலோ, நடுவில் 26 வந்த இடத்தோடு கோப்பு முடிந்ததாக நினைத்து நின்றுவிடும்.

இந்தத் தொல்லை எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சாட்சி, இன்று உங்கள் கைபேசியில் இருக்கும் ஒவ்வொரு பிஎன்ஜி படத்தின் நெற்றியிலும் இருக்கிறது. அந்தக் கோப்புகள் எல்லாம் ஒரே எட்டு பைட்டுகளோடுதான் தொடங்கும்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் உள்ள 80, 78, 71 என்பவை பி, என், ஜி எழுத்துகள். மற்றவை கண்ணிகள். 13, 10 ஜோடியை யாராவது ஒற்றை 10 ஆகச் சுருக்கியிருந்தால் உடனே தெரிந்துவிடும். கடைசி 10ஐ 13, 10 ஆக விரித்திருந்தாலும் தெரிந்துவிடும். 26 இருப்பதால், டாஸில் யாராவது படத்தை உரையென்று நினைத்துத் திரையில் கொட்டினால் அத்தோடு நின்றுபோகும். முதலில் உள்ள 137, எட்டாவது பிட்டை வெட்டியெறியும் தகவல் பாதைகளுக்கான பொறி. ஒரு மொழித் தரநிலை இயந்திரத்துக்கு விட்டுக்கொடுத்த சின்னச் சலுகைக்கு, அந்த மொழிக்குச் சம்பந்தமே இல்லாத படவடிவம் ஒன்று காவல் போட வேண்டியிருந்தது.

அப்படியானால் சலுகையே தராமல், எல்லா இயந்திரங்களும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கலாமே? ஜாவா அதைச் செய்து பார்த்தது. சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழு உருவாக்கிய அந்த மொழியில் இன்ட் என்றால் எங்கும் 32 பிட்தான். தசம எண் கணக்கும் எங்கும் கடைசி பிட் வரை ஒரே விடைதான் தர வேண்டும். கேட்க அருமையாக இருந்தது. ஆனால் அன்றைய இன்டெல் சில்லுகளின் தசமக் கணக்குப் பிரிவு, உள்ளுக்குள் 80 பிட் துல்லியத்தில் வேலை செய்தது. ஜாவா கேட்ட 64 பிட் விடை வேண்டுமென்றால் ஒவ்வொரு படியிலும் விடையை நினைவகத்துக்கு அனுப்பி, தேவையற்ற துல்லியத்தை உதிர்த்துவிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும். உலகத்தில் அதிகம் விற்ற சில்லில், அதிகத் துல்லியமாக இருந்த குற்றத்துக்காக நிரல் மெதுவாக ஓடியது. 1998இல் வந்த ஜாவா 1.2 இறங்கிவந்தது: இயந்திரம் கொஞ்சம் முன்பின்னாக நடந்துகொள்ளலாம், கறாரான விடை வேண்டுவோர் ‘ஸ்ட்ரிக்ட்எஃப்பி’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. பிறகு பென்டியம் 4 முதல் இன்டெல்லே 64 பிட் கணக்கை நேரடியாகச் செய்யும் கட்டளைகளைக் கொண்டுவந்தது. சலுகைக்கான காரணம் மறைந்தது. 2021இல் ஜாவா 17 பழைய கறாருக்கே திரும்பியது. அந்தச் சொல் இப்போதும் மொழியில் இருக்கிறது, வேலைதான் எதுவும் இல்லை.

சி குழுவுக்குக் கட்டளையிடும் நிலையும் இல்லை, மனமும் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காப்பாற்ற வேண்டும், இயந்திரத்தின் முழு வேகமும் நிரலாளருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கொள்கை. ஆகவே தெரியாது என்பதையே தரம் பிரித்தார்கள். முதல் வகையில் விடை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறலாம், ஆனால் என்ன விடை என்பதைக் கம்பைலர் தயாரிப்பாளர் கையேட்டில் எழுதித் தர வேண்டும். இரண்டாம் வகையில் சில விடைகளுள் ஒன்று கட்டாயம் கிடைக்கும். எது என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் வகையில் எது நடந்தாலும் தரநிலை பொறுப்பல்ல.

முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, எழுத்துக்கான வகைக்குக் கழித்தல் குறி உண்டா என்பது. இன்டெல் உலகத்தில் கேரக்டர் வகை எதிர்ம எண்களையும் ஏற்கும். லினக்ஸ் ஓடும் ஆர்ம் சில்லுகளில் பொதுவாக ஏற்காது. கோப்பு முடிந்ததைத் தெரிவிக்க வழக்கமாக -1 வரும். அதைக் கேரக்டரில் வாங்கி வைத்துக்கொண்டு -1 வரும்வரை சுழலச் சொன்னால், ஆர்மில் அது 255 ஆக மாறி, சுழற்சி முடியவே முடியாது. மேசைக் கணினியில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய நிரல், சின்னப் பலகைக் கணினியில் ஏற்றியதும் தொங்கிப்போவது இப்படித்தான்.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அகல எழுத்துக்கான வகை விண்டோஸில் 16 பிட், லினக்ஸில் 32. நம் அன்றாட எழுத்துகள் 16 பிட்டுக்குள் அடங்கிவிடுவதால் வித்தியாசம் தெரியாது. முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தபோது அவற்றுக்குக் கிடைத்த இடம் அந்த எல்லைக்கு வெளியே. ஆகவே முந்திரிக் குறி லினக்ஸில் ஓர் எழுத்து, விண்டோஸில் இரண்டு.

மூன்றாம் வகைதான் வம்பு. ஒன்று என்ற 32 பிட் எண்ணை 32 இடம் இடப்பக்கம் நகர்த்தினால் என்ன வரும்? எல்லா பிட்டும் வெளியே போய்விடும், பூஜ்ஜியம் வரும் என்பது பொதுப்புத்தி. 32 பிட் ஆர்ம் அப்படித்தான் செய்யும். இன்டெல் சில்லு நகர்த்த வேண்டிய எண்ணிக்கையின் கடைசி ஐந்து பிட்டை மட்டுமே பார்க்கும். 32க்கு அந்த ஐந்தும் பூஜ்ஜியம். எனவே நகர்த்தாமலே விட்டுவிடும், விடை ஒன்று. பூஜ்ஜியம்தான் சரி என்று தரநிலை தீர்ப்புச் சொல்லியிருந்தால், இன்டெல்லில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் ஒரு சோதனை சேர்க்க வேண்டியிருக்கும். தீர்ப்பைத் தவிர்த்தது நியாயம். ஆனால் இதற்கு மூன்றாம் வகை தேவைதானா? ஏதோ ஓர் எண் வரும், எது என்று கேட்காதீர்கள் என்று இரண்டாம் வகையில் போட்டிருந்தாலே போதும் என்பது என் கட்சி. எதுவும் நடக்கலாம் என்று எழுதிவைத்ததன் விலையைப் பின்னால் வந்தவர்கள் கொடுத்தார்கள்.

இதுவரை பார்த்தவை உள்ளே எடுத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தவை. வாசலிலேயே நிறுத்தப்பட்டவை வேறு. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் டர்போ சி கற்ற தலைமுறைக்கு, நிரல் என்றால் கிளியர்ஸ்கிரீனில் தொடங்கி கெட்ச்சில் முடிய வேண்டும். இரண்டும் சி மொழியில் கிடையாது. திரையைத் துடைப்பதும் என்டர் தட்டாமல் ஒரு விசையை வாங்குவதும் போர்லாண்ட் நிறுவனம் டாஸுக்காகச் சேர்த்துக் கொடுத்த வசதிகள். தரநிலை அவற்றைத் தொடாததற்குக் காரணம் எளிது: சி நிரல் ஓடும் இடத்தில் திரை இருக்க வேண்டும் என்றே கட்டாயம் இல்லை. சலவை இயந்திரத்துக்குள்ளும் அது ஓடும்.

கோப்புறைகளின் கதை இன்னும் சுவையானது. சி தரநிலையில் கோப்பைத் திறக்கலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம். ஒரு கோப்புறையில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று கேட்க இன்றுவரை வழியில்லை. 1980களில் சில இயங்குதளங்களில் கோப்புறைக்குள் கோப்புறை என்ற ஏற்பாடே இல்லை. யூனிக்ஸ்காரர்களுக்கு அது இல்லாமல் வேலை நடக்காது. அவர்களுக்கென்று போசிக்ஸ் என்ற தனித் தரநிலை 1988இல் வந்தது. கோப்புறை, புது நிரலைப் பிறப்பிக்கும் ஃபோர்க் எல்லாம் அந்தப் பக்கம் போயின. 1984இல் யூனிக்ஸ் பயனர் குழு ஒன்று தயாரித்த நூலகப் பட்டியலை சி குழுவும் போசிக்ஸ் குழுவும் பாகப்பிரிவினை செய்துகொண்டதன் விளைவு இது.

பிரித்த விதத்தில் ஒரு நுணுக்கம் தெரிகிறது. நிரல் முடியும்போது வெற்றியா தோல்வியா என்று ஓர் எண்ணால் தெரிவிக்கும். யூனிக்ஸில் 0 வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி. டெக் நிறுவனத்தின் விஎம்எஸ் இயங்குதளத்திலோ ஒற்றைப்படை எண் வெற்றி, இரட்டைப்படை தோல்வி. குழு எந்த எண்ணையும் கட்டாயமாக்கவில்லை. வெற்றி, தோல்வி என்று இரண்டு பெயர்களை உருவாக்கியது. பழைய நிரல்களுக்காக 0 சொன்னாலும் வெற்றி என்று எடுத்துக்கொள்ளச் சொன்னது. அந்தந்த இயந்திரத்துக்கேற்ற எண்ணைப் போடும் வேலையைக் கம்பைலரிடம் கொடுத்தது. எண் இயந்திரத்தைப் பொறுத்தது, நோக்கம் பொறுத்ததல்ல. இயந்திரங்கள் எப்படி வேறுபட்டாலும் நிரலாளரின் நோக்கத்தை ஒரே மாதிரி சொல்ல முடிகிறதா என்பதை உள்ளே விடுவதற்கான முதல் சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனை மட்டும் போதாது என்று காட்டியவை த்ரெட்டுகள். ஒரே நிரலின் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவதற்கான வசதி, இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறு. ஆகவே அதை மொழிக்கு வெளியே ஒரு நூலகமாக வைத்தார்கள். போசிக்ஸ் 1995இல் அதற்கொரு தரநிலையும் தந்தது. கோப்புறை போல இதுவும் வெளியிலேயே இருந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஹான்ஸ் போம் 2005இல் எழுதிய ஒரு கட்டுரை அந்த நினைப்பை உடைத்தது. த்ரெட்டுகளை நூலகமாக மட்டும் வைத்துச் சரியாகச் செய்யவே முடியாது என்பது அதன் வாதம்.

அவர் காட்டிய ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நினைவகத்தில் அடுத்தடுத்து எட்டு பைட்டுகள். முதல் பைட்டை ஒரு த்ரெட் மட்டும் எழுதுகிறது. மற்ற ஏழையும் இன்னொரு த்ரெட் எழுதுகிறது. யாரும் யாருடைய இடத்தையும் தொடவில்லை. இரண்டாவது த்ரெட்டின் ஏழு கட்டளைகளைப் பார்க்கிற கம்பைலர், ஏழு முறை எழுதுவானேன் என்று எட்டு பைட்டையும் ஒரே வீச்சில் எழுதிவிடத் தீர்மானிக்கிறது. முதல் பைட் கெட்டுவிடக் கூடாதே என்று அதன் தற்போதைய மதிப்பைப் படித்து, கூடவே சேர்த்து எழுதுகிறது. படித்ததற்கும் எழுதியதற்கும் இடைப்பட்ட கணத்தில் முதல் த்ரெட் புது மதிப்பு எழுதியிருந்தால் அது போயே போச்சு. நிரலாளர் மேல் தவறில்லை. நூலகம் மேல் தவறில்லை. கம்பைலர் மேலும் இல்லை, ஏனென்றால் அதற்குக் கொடுக்கப்பட்ட மொழித் தரநிலையில் த்ரெட் என்ற பேச்சே கிடையாது. ஒரே ஒரு வேலைதான் ஓடுகிறது என்ற உலகத்தில் அது செய்தது முழுக்கச் சரி.

கோப்புறைப் பட்டியலைத் தரும் நூலகத்தை யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து எழுதலாம். கம்பைலர் அதைக் கெடுக்காது. த்ரெட் விஷயத்தில் எவ்வளவு திறமையான நூலகம் எழுதினாலும் கம்பைலர் அதற்குக் கீழே மண்ணைத் தோண்டிவிடும். ஆக, ஒன்று எவ்வளவு பயனுள்ளது, எத்தனை இயந்திரங்களில் இருக்கிறது என்பதைவிட, அதை வெளியிலிருந்து பிழையில்லாமல் செய்ய முடியுமா என்பதே கூர்மையான கேள்வி. முடியாதென்றால் இயந்திரங்கள் எவ்வளவு முரண்பட்டாலும் தரநிலை உள்ளே எடுத்துத்தான் ஆக வேண்டும். 2011இல் சி, சி++ இரண்டும் நினைவக இடம் என்றால் என்ன, ஒரு த்ரெட் எழுதியது இன்னொன்றுக்கு எப்போது தெரியும் என்ற விதிகளைச் சேர்த்துக்கொண்டன. 2004இலேயே ஜாவா தன் விதிகளைத் திருத்தி எழுதியிருந்தது. இன்டெல் சில்லு எழுதிய வரிசையைப் பெரும்பாலும் மதிக்கும், ஆர்ம் அவ்வளவாக மதிக்காது என்பதால், கறாரான உத்தரவாதம் முதல் கைகழுவிய உத்தரவாதம் வரை பல படிகளை வைத்து, வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பொறுப்பை நிரலாளரிடம் விட்டார்கள்.

அதே 2011இல் சி குழு இன்னொன்றும் செய்தது. த்ரெட்டைத் தொடங்கவும் முடிக்கவுமான நூலகச் செயல்கூறுகளையும் சேர்த்தது; ஆனால் விருப்பமிருந்தால் தரலாம் என்ற குறிப்போடு. நினைவக விதிகள் அவசியம். இந்த நூலகம் அப்படியல்ல. அதே வேலைக்கான வசதியைப் போசிக்ஸ் ஏற்கெனவே தந்துகொண்டிருந்தது. லினக்ஸின் பிரதான சி நூலகமே சி குழுவின் வடிவத்தைச் சேர்க்க 2018 வரை எடுத்துக்கொண்டது. தரநிலையில் இருந்தும் நம்பிப் பயன்படுத்த முடியாத வசதி, தரநிலையில் இல்லாததைவிடத் தொல்லை என்பேன். சி++ மொழி பூஸ்ட் நூலகத்தில் பல ஆண்டுகள் புழங்கித் தேய்ந்த கோப்புறை வசதியை 2017இல் உள்ளே கொண்டுவந்தபோது அதைக் கட்டாயமாகவே வைத்தது. அதற்குள் கோப்புறை இல்லாத இயங்குதளம் அரிதாகியிருந்தது.

இயந்திரங்கள் சாகும் என்பது இந்தக் கணக்கில் எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. 1989 தரநிலையில், தனித்தனிக் கோப்புகளுக்கிடையே பகிரும் பெயர்களில் முதல் ஆறு எழுத்து மட்டுமே கணக்கு, சிற்றெழுத்து பேரெழுத்து வேறுபாடும் உறுதியில்லை. பழைய இணைப்பு மென்பொருள்கள் அதற்குமேல் தாங்காது. மனமில்லாமல்தான் எழுதினார்கள், இது வழக்கொழியப் போகிற விதி என்று அங்கேயே குறித்தும் வைத்தார்கள். 1999இல் அது 31 ஆனது. டேனிஷ் எழுத்துக்குறி வரிசையில் அடைப்புக்குறிகளின் இடத்தை அந்த மொழியின் உயிரெழுத்துகள் பிடித்துக்கொண்டதால், இரண்டு கேள்விக்குறியோடு ஒரு குறி சேர்த்து அடைப்புக்குறி எழுதும் ஏற்பாடு ஒன்று இருந்தது. 2017இல் சி++ அதைக் கைவிட்டபோது, எப்சிடிக் நிரல்களுக்கு இன்னும் வேண்டும் என்று ஐபிஎம் ஆட்சேபித்தது. -7ஐ 2ஆல் வகுத்தால் -3 வருமா -4 வருமா என்பது பத்தாண்டு காலம் இயந்திரத்தின் விருப்பமாக இருந்து, 1999இல் -3 என்று முடிவானது.

இவற்றில் பெரியது எதிர்ம எண்களைக் குறிக்கும் முறை. மூன்று முறைகளுக்கு சி இடம் கொடுத்திருந்தது. இன்று நாம் தொடும் கணினிகள் எல்லாம் இரண்டின் நிரப்பி முறையைத்தான் பின்பற்றுகின்றன. ஒன்றின் நிரப்பி முறை, யூனிவாக் வழிவந்த யூனிசிஸ் இயந்திரங்களில் மிஞ்சியிருந்தது. அதில் பூஜ்ஜியத்துக்கு நேர்மம், எதிர்மம் என்று இரண்டு வடிவம் உண்டு. ஜேஎஃப் பாஸ்டியன் 2018இல் சி++ குழுவுக்கு முன்மொழிவு ஒன்று வைத்தார்: மற்ற இரண்டு முறைகளையும் நீக்கிவிடலாம். சி++20 ஏற்றுக்கொண்டது, சி23 தொடர்ந்தது.

அந்த முன்மொழிவின் முதல் வடிவத்தில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. கூட்டல் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது மூன்றாம் வகையில் கிடந்தது. இனி எல்லா இயந்திரமும் ஒரே மாதிரி என்றாகிவிட்ட பிறகு, பெரிய நேர்ம எண் சுற்றிக்கொண்டு எதிர்மமாகும் என்று எழுதிவிடலாமே என்பது அது. குழு மறுத்துவிட்டது. இயந்திர வேறுபாடு என்ற பெயரில் தந்த சலுகையில் இதற்குள் கம்பைலர்கள் குடியேறியிருந்தன. எண்ணோடு ஒன்று கூட்டினால் அது சிறியதாகாது என்று வைத்துக்கொண்டால் சுழற்சிகளை வேகமாக்கலாம். எல்லை தாண்டியதா என்று பார்க்க நிரலாளர் எழுதிய சோதனை அதே தர்க்கத்தில் தேவையற்றதாகிக் காணாமல் போவதும் நடக்கும். லினக்ஸ் கருநிரலைத் தொகுப்பவர்கள் இந்த ஆட்டத்துக்கு வரவில்லை. எல்லை தாண்டாது என்று நினைத்துக்கொண்டு எதையும் வெட்டாதே என்று கம்பைலருக்கு ஒரு தனிக் கட்டளை கொடுத்துத்தான் தொகுக்கிறார்கள்.